புது ஊக்குநருக்கு: கடலோரப் பெண்கள் குழுவைப் பேசவைக்கும் வழி

சுய உதவிக் குழுவின் கூட்டத்தை நடத்துகிற ஊக்குநராகப் புதிதாக வந்தவர் முதல் கூட்டத்திலேயே செய்கிற தவறு, நிறையப் பேசுவது. வங்கியில் சொன்னது, ஊராட்சியிலுள்ள குழுக்களின் கூட்டமைப்பில் சொன்னது, கடற்பாசி வியாபாரி சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "சரிதானே?" என்று முடிப்பார். பதினைந்து தலையும் ஆடும். மூன்று வாரம் கழித்துத் தவணை வராதபோது, "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?" என்று ஒருவர் கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தலை ஆடியது, வாய் திறக்கவில்லை.

மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் பாசி வளர்க்கிற, பாசி எடுக்கிற, மீன் பிரிக்கிற, கருவாடு போடுகிற பெண்களின் சுய உதவிக் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது. குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள்.

நாள் குறிப்பது

வாரம் ஒரு கூட்டம், ஒரே நாள், ஒரே நேரம். எந்த நாள் என்பதைப் பாதிக்குமேல் கடலே முடிவு செய்துவிடும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி புறப்பட்டு மறுநாள் காலை கரை சேரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே ஞாயிறு, செவ்வாய், வியாழன் காலையில் மீன் பிரிக்கவும் இறால் தலை கிள்ளவும் போகிறவர்களைக் கூட்டத்துக்கு எதிர்பார்க்க முடியாது. ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பூசை. வெள்ளி நண்பகலில் ஜும்ஆ தொழுகை. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் பல ஊர்களில் வெள்ளி மாலை 4 மணிதான் மிஞ்சும். அந்த நேரத்தில் தண்ணீர் வண்டி வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்தவரின் காது கூட்டத்தில் இருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசி எடுக்கப் போகிற குழுவென்றால், அந்த வாரங்களுக்கு மாற்று நேரம் ஒன்றை முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

நாளை முடிவு செய்யும்போது "வெள்ளிக்கிழமை வர முடியுமா?" என்று கேட்காதீர்கள். "முடியும்" என்றுதான் பதில் வரும். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உங்களை வரவிடாம ஆக்குறது என்னவா இருக்கும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அப்போதுதான் மாமனாருக்கு மருந்து கொடுக்கிற நேரம், பிள்ளை டியூஷன், வலை பின்னுகிற வேலை எல்லாம் வெளியே வரும். இந்த மாதிரிக் கேள்வியைப் பழகிக்கொண்டால் கடன் பேச்சிலும் கைகொடுக்கும்.

உட்காருவது

வட்டமாக உட்காருங்கள். சமுதாயக் கூடத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்தால் பின்வரிசை தனிக் கூட்டமாகிவிடும். நாற்காலி இரண்டுதான் இருக்கிறது என்றால் முழங்கால் வலிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பாயில் உட்காருங்கள்.

வெளியே, மரத்தடியில் கூடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று பேச்சை அள்ளிக்கொண்டு போய்விடும். காற்று போகிற பக்கம்தான் குரலும் போகும். எனவே குரல் சிறுத்தவர்கள் தென்மேற்கில் காற்றுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். ஊக்குநர் எதிர்ப்பக்கம், வடகிழக்கில். எல்லார் பேச்சும் காற்றோடு வந்து உங்கள் காதில் விழும். நீங்கள் பேசுவது அவர்களுக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கும், அதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. வாடைக்காலத்தில் இதைத் திருப்பிப் போடுங்கள்.

75 நிமிடம்

வருகைப் பதிவு 5 நிமிடம். போன கூட்டத் தீர்மானத்தை வாசித்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்ல 5. சேமிப்பு, தவணை வசூல் 20. கடன் கோரிக்கை 20. பாசி வேலை, பொதுச் செய்தி 15. விட்டுப்போன பேச்சுக்கு ஒரு சுற்று 5. தீர்மானத்தை உரக்க வாசித்துக் கையெழுத்து 5.

வசூல் கடனுக்கு முன்னால் வருவது வேண்டுமென்றே. பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் கடன் பேசினால் இல்லாத பணத்துக்குச் சண்டை வரும். வங்கியிலிருந்தோ திட்டத்திலிருந்தோ யாராவது வந்திருந்தால் அவருக்குப் பத்து நிமிடம், அதுவும் கடன் முடிவுக்குப் பிறகு. முதலில் பேசவிட்டால் மரியாதைக்காக எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், சொந்த வேலை நிற்கும்.

சுற்றுப் பேச்சு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பணம், வேலை, ஆள் சம்பந்தப்பட்ட எந்த முடிவும் வட்டத்தைச் சுற்றி வந்த பிறகே நோட்டில் ஏற வேண்டும்.

முதலில் விஷயத்தை ஒரே வாக்கியத்தில், எண்ணோடு சொல்லுங்கள். "சேமிப்பைக் கூட்டலாமா" என்பது பேச்சுக்கு உதவாது. "வாரம் 50 ரூபாயை 100 ரூபாய் ஆக்கலாமா, அடுத்த மாசம் முதல் வெள்ளியில இருந்து" என்றால் ஆளுக்கு ஒரு கணக்கு மனதில் ஓடும்.

அடுத்து இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத பெண் பக்கத்துப் பெண்ணிடம் தாராளமாகப் பேசுவார். அங்கே ஒருமுறை சொல்லிப் பார்த்ததை வட்டத்தில் மறுபடி சொல்வது அவருக்கு எளிது.

பிறகு சுற்று. கடைசியாகச் சேர்ந்தவர் அல்லது வயதில் இளையவர் தொடங்கட்டும், பெரியவர்கள் பின்னால், ஊக்குநர் எல்லாருக்கும் கடைசி. ஒரே குழுவில் மாமியாரும் மருமகளும் இருப்பது இங்கே சாதாரணம். படகுக்காரர் வீட்டு அம்மாவும், அந்தப் படகில் கூலிக்குப் போகிறவரின் மனைவியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். பெரிய குரல் முதலில் விழுந்துவிட்டால் மீதிச் சுற்று முழுவதும் "அவங்க சொன்னதேதான்" என்று போய்விடும்.

பேசுகிறவர் கையில் ஒரு பொருள் இருக்கட்டும், அது இருக்கிறவரை மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. பேனாவைக் கொடுக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பேனாவைக் கையில் வாங்கியதுமே சுருங்கிப்போவார். கரையில் கிடக்கிற ஒரு சிப்பி போதும்.

ஒவ்வொருவரும் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சம்மதம், சம்மதமில்லை, யோசிக்கணும். கூடவே ஒரு காரணம். "யோசிக்கணும்" என்பவர்களை நெருக்காதீர்கள், எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பதினைந்தில் நான்கு பேர் அப்படிச் சொன்னால் முடிவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். ஒருவரோ இருவரோ என்றால், "என்ன தெரிஞ்சா உங்களுக்கு முடிவு சொல்ல வரும், மதினி?" என்று கேட்டு, அந்தத் தகவலைக் கொண்டுவரும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

உங்களைவிட மூத்தவர்களுக்கு நீங்கள் தலைமை தாங்குகிறீர்கள் என்றால் உறவுமுறையை விடாதீர்கள். அக்கா, மதினி, சித்தி, லாத்தா என்று கூப்பிட்டு வந்த வாய் திடீரென்று பெயர் சொன்னால், பதவி தலைக்கேறிவிட்டது என்ற பேச்சு அன்றே கிளம்பும். உறவுமுறை மரியாதைக்கு, நோட்டு கணக்குக்கு. "சித்தி, உங்க தவணை ரெண்டு வாரம் நிக்குது, நோட்டுல இருக்கு" என்பதில் இரண்டும் இருக்கிறது.

கடன் பேச்சு

கோரிக்கை வைப்பவர் தொகை, எதற்கு, எத்தனை தவணை, எந்த வருமானத்திலிருந்து என்று நான்கையும் தன் வாயால் சொல்ல வேண்டும். பிரதிநிதி அவருக்காகச் சொல்லக்கூடாது. நான்காவதுதான் முக்கியம். பாசி விற்ற பணத்திலிருந்து என்றால் அறுவடை எந்த வாரம் என்று கேளுங்கள். வாரத் தவணை போடாமல் அந்த வாரத்துக்கே தவணை வைப்பதுதான் நடக்கிற காரியம்.

ஆண்டில் ஒரு நெருக்கடி மட்டும் நாள் தவறாமல் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வேலை நிற்கிறது. அது முடிகிற தறுவாயில் பள்ளிக்கூடம் திறக்கிறது. சீருடை, நோட்டு, கட்டணம் என்று எல்லா வீட்டுக் கோரிக்கையும் ஒரே மாதத்தில் வந்து மோதும். ஜனவரியிலேயே சுற்று வைத்து, மே மாதக் கடனுக்கு ஆளுக்கு உச்ச வரம்பு என்ன, முன்னுரிமை எந்தச் செலவுக்கு என்று எழுதிவிடுங்கள். மே மாதத்தில் விதி போட்டால் அது யாரோ ஒருத்தரைக் குறிவைத்துப் போட்டதாகத் தெரியும்.

மறுக்கவேண்டி வந்தால் கூட்டத்திலேயே, காரணத்தோடு மறுங்கள். "பார்க்கலாம் அக்கா" என்று இழுத்தால் அவர் வீட்டுக்குப் போகிற வழியில் வட்டிக்காரரிடம் போய்விடுவார். பிறகு உங்கள் தவணை இரண்டாவது இடத்துக்குப் போகும்.

பெட்டியை மூடும் முன்

கூட்டம் கலையும் முன் பணத்தை எல்லார் கண் முன்னாலும் எண்ணி, கணக்கை உரக்கச் சொல்ல வேண்டும். இப்படி: "போன வாரம் கையிருப்பு 840. இன்னைக்குச் சேமிப்பு 15 பேர், 100 வீதம் 1,500. கடன் தவணை 3,200. வட்டி 460. மொத்தம் 6,000. கடன் கொடுத்தது 5,000. கையிருப்பு 1,000." எண்ணுகிறவர் ஒருவர், சொல்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். மூன்றும் ஒரே ஆள் என்றால், அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும் ஆறு மாதத்தில் பழி வரும். எழுதத் தெரியாதவர்கள்தான் இந்தக் கணக்கை நன்றாக மனதில் வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரையே "போன வாரம் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டுத் தொடங்குங்கள். நோட்டும் அவர் சொல்வதும் ஒத்துப்போனால் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

தாமதத்துக்கு அபராதம் போடுவது பழைய வழக்கம். சிறிய தொகை பரவாயில்லை. ஆனால் கடல் வேலையால் தாமதமானவருக்கும் அதே அபராதம் என்றால், தாமதமானவர் அன்று வரவே மாட்டார்.

மிதவை வேலையைப் பிரிப்பது

பாசி வளர்க்கிற குழுவில் தலைமையின் சோதனை இங்கேதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை ஒன்றுக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி; கூட்டினால் 60 கிலோ. 45 நாளில் அறுவடை. காலம் ஒத்துழைத்தால் 200 கிலோவைத் தாண்டும். நாளுக்கு ஒரு மிதவை கட்டி, ஒரு மிதவை அறுத்தால் 45 மிதவை ஒருவருக்குச் சுற்றுக்கு வரும் என்பது வழக்கமான கணக்கு.

பதினைந்து பேரை ஐந்து பேர் செட் மூன்றாகப் பிரியுங்கள். உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே செட்டில் விழுந்துவிடாமல் பாருங்கள். செட்டுக்கு ஒருவர் பொறுப்பு, அவர் ஒவ்வொரு அறுவடைக்கும் மாறட்டும்.

சண்டை பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில் வரும். முதலாவது விதைப்பாசி. அறுத்ததை எல்லாம் காயப்போட்டு விற்றுவிட்டு, அடுத்த மிதவைக்கு 60 கிலோ எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. அறுவடை அன்று முதலில் விதையை எடைபோட்டு ஒதுக்கி, பிறகுதான் பங்கு என்று தீர்மானம் வேண்டும். இரண்டாவது எடை. ஈரப் பாசி 10 கிலோ காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோ. ஒருவர் ஈர எடையைச் சொல்வார், இன்னொருவர் காய்ந்த எடையை நினைத்துக்கொண்டு கேட்பார், இருவரும் திருடியதாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நோட்டில் எப்போதும் "ஈரம்" அல்லது "காய்ந்தது" என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, பாசி போன காரணம். ஓரா மீன் மேய்ந்துவிட்டது, வெயிலில் நீர் சூடாகிப் பாசி வெளுத்து நைந்துவிட்டது, நங்கூரம் இழுத்துக்கொண்டு போனது என்று நட்டம் பல வகை. மிதவைக்கு அடியில் கட்டுகிற வலை கிழிந்ததைப் பார்த்தும் சொல்லாமல் விட்டால்தான் அது ஆளின் தவறு. "யார் கவனிக்கல?" என்று தொடங்கினால் அடுத்த முறை யாரும் கிழிசலைச் சொல்ல மாட்டார்கள். "கடைசியா யார் பார்த்தது, அப்ப எப்படி இருந்துச்சு?" என்று தொடங்குங்கள். கெட்ட செய்தியை முதலில் கொண்டுவந்தவருக்கு வட்டத்தில் நன்றி சொல்வது நல்ல பழக்கம். கொஞ்சம் நாடகம்போல இருந்தாலும் பலன் உண்டு.

தண்ணீரில் வேறு விதி

கரையில் சொன்னதெல்லாம் கடலில் செல்லாது. இடுப்பளவு நீரில் நின்று சுற்றுப் பேச்சு வைக்க முடியாது. புறப்படும் முன் கரையில் ஒருவரை நியமியுங்கள். திரும்புவது எப்போது என்பது அன்று அவர் சொல்தான், ஊக்குநரே கூட இருந்தாலும். ஆனால் திரும்பலாம் என்று கேட்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. ஒருத்தி தலைக்குமேல் இரண்டு கையையும் தூக்கினால் காரணம் கேட்காமல் எல்லாரும் மிதவையையோ வத்தை என்கிற சிறு படகையோ பிடிக்க வேண்டும். காரணம் கரையில் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் ஆளுக்கு ஒரு எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஊக்குநர் பார்த்து எண்ணுவதைவிட இது நம்பத்தக்கது, ஏனென்றால் வராத எண் காதில் உடனே தெரியும்.

புறப்படும் முன் காற்றுச் செய்தியைக் கேட்டுவர ஒருவர் பொறுப்பு. பாம்பனில் 2016-லிருந்து ஒலிபரப்பாகிற கடல் ஓசை 90.4 வானொலி மீனவர்களுக்கென்றே நடப்பது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் அன்று பேச்சே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்ந்த பகுதி 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே கூடாது என்பதைப் புது உறுப்பினருக்கு முதல் நாளே, இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். "தெரியாமப் போயிட்டா" என்ற பதில் வனத்துறையிடம் எடுபடாது.

வாட்ஸ்அப்

குழுவுக்கு வாட்ஸ்அப் வைத்திருந்தால் அதில் செய்தி மட்டும், முடிவு வேண்டாம். நாள், நேரம், இடம், பாசி விலை, காற்று. எழுத்தைவிடக் குரல் செய்தி நல்லது, 30 விநாடிக்குள். போன் இல்லாதவர்கள் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்ல ஒருவரைக் குறித்துவையுங்கள். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும்: "வெள்ளி இல்ல, சனி நாலு மணி, பாஸ்புக் எடுத்துட்டு வரணும்." திருப்பிச் சொல்லாத செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. தவணை நிற்பவர் பெயரை வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து அதைப் படிப்பான், பிறகு நீங்கள் பேசவேண்டியது அவரோடு இல்லை, அவர் குடும்பத்தோடு.

சண்டை வந்தால்

குரல் உயர்ந்த உடனே சமாதானம் பேச ஓடாதீர்கள். முதலில் இருவரையும் தனித்தனியே, ஆளுக்கு ஐந்து நிமிடம் கேளுங்கள். அடுத்து ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வாயால் சொல்ல வேண்டும்: "அவங்க சொல்றது, நான் கயிறு கட்ட வராத நாளுக்கும் பங்கு வாங்குனேன்னு." இவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில். பாதிச் சண்டை இந்த இடத்தில் நின்றுவிடும், ஏனென்றால் பாதிக்கு மேல் இடையில் யாரோ கொண்டுபோன சொல்தான். மீதி நோட்டுக்குப் போகும், வருகைப் பதிவில் தேதி இருக்கும்.

கணவரோ அண்ணனோ கூட்டத்துக்கு வந்து கத்தினால், "அண்ணே, இது உறுப்பினர் கூட்டம். உங்க கேள்வியை எழுதிக்கிறோம், அவங்க வழியா பதில் வரும்" என்று சொல்லி உண்மையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதைப் பார்த்ததும் பலர் அடங்கிவிடுவார்கள். குடித்துவிட்டு வந்தவரிடம் இது பலிக்காது. கூட்டத்தைக் கலைத்து மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாதி, கோயில், பள்ளிவாசல் பேச்சு கூட்டத்துக்குள் வந்தால் அதற்குச் சுற்று வைக்காதீர்கள். அன்றைய பேச்சை நிறுத்தி, பணம் எண்ணி, பெட்டியை மூடுங்கள்.

தீர்மானம் எழுதுவது

"சேமிப்பை உயர்த்த ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வரியால் பின்னாளில் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "வாரச் சேமிப்பு 50 ரூபாயிலிருந்து 100 ரூபாய். அடுத்த மாதம் முதல் வெள்ளியிலிருந்து. சம்மதம் 13, சம்மதமில்லை 1, யோசிக்கணும் 1. சம்மதமில்லாதவர் சொன்ன காரணம்: தடைக்காலத்தில் கட்ட முடியாது. அதனால் தடைக்காலம் முடியும்வரை விரும்புகிறவர் 50 ரூபாயே கட்டலாம்." உரக்க வாசித்து, கைநாட்டு வைப்பவரிடம் இன்னொரு முறை வாசித்துக்காட்டிய பிறகு கையெழுத்து.

பொறுப்பை மாற்றுவது

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊக்குநர் மாறுவது நல்லது. மாறப்போகிறவர் கடைசி ஆறு கூட்டத்தில் பக்கத்தில் உட்காரட்டும்: இரண்டில் பார்க்க, இரண்டில் பாதி நடத்த, இரண்டில் முழுக்க நடத்த. வங்கிக் கையெழுத்து மாற்றத் தீர்மான நகல் வேண்டும், அதை முன்பே எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் பணம் எடுக்கப் பழையவரைத் தேடி அலையவேண்டி வரும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, வங்கிப் பாஸ்புக், காசோலை, முத்திரை, பெட்டிச் சாவி என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, வட்டத்தின் நடுவில் வைத்து ஒப்படைக்க வேண்டும். பழைய ஊக்குநர் அடுத்த மூன்று மாதம் சுற்றில் கடைசிக்கு முந்திய ஆளாகப் பேசட்டும், அதற்கு முன் சிப்பி அவர் கைக்குப் போகக்கூடாது.